கீழ இருந்து போன பாக்கெட், மேல இருந்து வராத பதில்

ஒரே பில்டிங், ஒரே ஃபைபர் லைன், ரெண்டு ஆஃபீஸ். திருப்பூர் பக்கம் இந்த மாதிரி செட்டப் தெருவுக்கு நாலு இருக்கும். கீழ பனியன் கம்பெனி ஆஃபீஸ், மேல அவங்க சொந்தக்காரங்களோட டிசைனிங் யூனிட், லைனுக்கு மாசாமாசம் கட்டற காசுல ஆளுக்குப் பாதி. ஆரம்பத்துல எல்லாரும் ஒரே வைஃபைலதான் இருப்பாங்க, அப்புறம் மேல ஆள் கூடும், "எங்க பாஸ்வேர்டு எங்ககிட்ட இருக்கட்டும்"னு அவங்க தனியா ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டுவாங்க, அதுவரைக்கும் ஒண்ணா இருந்த நெட்வொர்க் ரெண்டா பிரியும். கொஞ்ச நாள் எல்லாம் நல்லாத்தான் ஓடும். அப்புறம் ஒரு நாள் கீழ இருக்க அக்கவுண்ட்ஸ் மெஷின்ல இருந்து மேல இருக்க ஒரு ஷேர்டு ஃபோல்டரைத் திறக்கணும்னு ஒரு தேவை வரும், அப்பதான் எனக்கு ஃபோன் வரும்.

அதுக்குத் தேவை ஸ்டாட்டிக் ரூட், அதாவது ரவுட்டருக்குக் கையால எழுதிக் குடுக்கற வழி. அதைப் போடறது ஒரு வரி வேலை. இந்த நெட்வொர்க்குக்குப் போகணும்னா இந்த அட்ரஸ்ல இருக்க ரவுட்டர்கிட்ட குடு, அதுக்கு மேல அந்த வரில எதுவும் கிடையாது. பதில் எப்படித் திரும்பி வரும்ங்கறதைப் பத்தி அதுல ஒரு எழுத்துகூட இல்லைங்கறதைத்தான் நான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போறேன், ஏன்னா இந்த மாதிரி சின்ன நெட்வொர்க்ல நான் பார்த்த சிக்கல்ல பெரும்பாலானது போற பாதைல இருந்ததே இல்ல. ரூட்டை அழிச்சு அழிச்சுத் திரும்பப் போடுவாங்க, மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, கேபிளை மாத்துவாங்க, அவ்வளவு நேரமும் பாக்கெட் (நெட்வொர்க்ல போற சின்னத் தகவல் பொட்டலம்) ஒழுங்காப் போய்ச் சேர்ந்துட்டே இருக்கும்.

முதல்ல நம்பரைச் சொல்லிடறேன், பின்னாடி முழுக்க இதேதான் வரும். கீழ ஃபைபர் மோடம் 192.168.1.1, கீழ இருக்க மெஷின் எல்லாம் 192.168.1.0/24 (/24ன்னா மொத மூணு நம்பர் நெட்வொர்க்கோடது, கடைசி நம்பர் மெஷினோடது). மேல இருக்க ரவுட்டரோட வேன் போர்ட்டை (வெளி லைன் சொருகற வாசல்) கீழ இருக்க நெட்வொர்க் ஸ்விட்ச்ல (எல்லா கேபிளும் வந்து சேர்ற பெட்டி) சொருகியிருக்காங்க, அதுக்கு 192.168.1.2 குடுத்தாச்சு. அதோட லேன் பக்கம், அதாவது உள் பக்கம், 192.168.20.0/24, ரவுட்டர் 192.168.20.1, ஃபோல்டர் இருக்க விண்டோஸ் சர்வர் 192.168.20.10. கீழ அக்கவுண்ட்ஸ் மெஷின் 192.168.1.15. பிரிண்டர் 192.168.1.50.

கீழ இருக்க ஓனர் அண்ணன் கேட்ட கேள்வி இது. "ஏனுங் தம்பி, மேல இருக்கறவங்க நம்ம பிரிண்டர்ல பிரிண்ட் எடுக்கறாங்க, நாம அவங்க கம்ப்யூட்டரைத் திறந்தா மட்டும் வரமாட்டேங்குது, அது எப்படிங்?" நல்ல கேள்வி. மேல இருக்க ரவுட்டர் எல்லா வீட்டு ரவுட்டரும் பண்ற மாதிரி நேட் பண்ணுது. மேல இருந்து வர்ற எந்த பாக்கெட்டா இருந்தாலும் அனுப்பினவர் அட்ரஸை அழிச்சுட்டு 192.168.1.2ன்னு தன்னோட அட்ரஸைப் போட்டு அனுப்பும். பிரிண்டருக்கு அது பக்கத்து மெஷின் மாதிரிதான் தெரியும், பதில் குடுத்துரும். "அவங்க உங்க நெட்வொர்க் ஆள் மாதிரியே வர்றாங்க அண்ணா, நீங்க அங்க போறதுக்குத்தான் யாருக்கும் வழி தெரியல"ன்னு சொன்னேன். 192.168.20.10 எங்க இருக்குன்னு கீழ இருக்க மெஷினுக்கும் தெரியாது, மோடத்துக்கும் தெரியாது. மெஷின் மோடத்துகிட்ட குடுக்கும், மோடம் தனக்குத் தெரிஞ்ச ஒரே வெளி வழியான இன்டர்நெட் கம்பெனி லைன் பக்கம் தள்ளிவிடும். 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 இந்த மூணு ரேஞ்சும் 1996ல வந்த ஆர்எஃப்சி 1918ங்கற இன்டர்நெட் விதி ஆவணத்தின்படி தனியார் உபயோகத்துக்குன்னு ஒதுக்கினது, இன்டர்நெட்ல இதுக்கு வழியே கிடையாது, அதனால பாக்கெட் அங்கயே முடிஞ்சு போகும். (172ல 16ல இருந்து 31 வரைக்கும்தான் நம்மளது. 172.32ன்னு போட்டு வெச்சிருக்க ஆஃபீஸையும் பார்த்திருக்கேன், அது இன்னொருத்தரோட பப்ளிக் அட்ரஸ், அந்தப் பக்கம் இருக்க வெப்சைட் எதுவும் அந்த ஆஃபீஸ்ல திறக்காது.)

சரி, வேலை என்னன்னா மேல ரவுட்டர்ல நேட்டை நிறுத்தணும், வேன் பக்கத்துல இருந்து 192.168.1.0/24 உள்ள வர ஃபயர்வால்ல அனுமதி குடுக்கணும், மோடத்துல 192.168.20.0, மாஸ்க் 255.255.255.0 (/24ன்னு சொன்னதுதான்), கேட்வே (அடுத்து யார்கிட்ட குடுக்கணும்ங்கற அட்ரஸ்) 192.168.1.2ன்னு ஒரு ஸ்டாட்டிக் ரூட் போடணும். ஃபயர்வால் அனுமதியை நிறைய பேர் விட்டுருவாங்க. மேல இருக்க ரவுட்டரைப் பொறுத்தவரைக்கும் வேன் போர்ட்ல வர்றது எல்லாமே இன்டர்நெட்ல இருந்து வர்ற அந்நியன்தான், கீழ் ஃப்ளோர்ல இருந்து வருதுன்னு அதுக்கு யாரும் சொல்லலைன்னா அது தன் வேலையைச் சரியாச் செஞ்சு தடுத்துரும்.

நேட்டை நிறுத்தினதும் மேல இன்டர்நெட்டே போயிரும் சில இடத்துல. அதுக்கும் காரணம் பதில் பாதைதான். ரூட் போடறதுக்கு முன்னாடி நேட்டை நிறுத்திட்டா 192.168.20.10க்கு வர்ற பதிலை எங்க குடுக்கறதுன்னு மோடத்துக்குத் தெரியாது. ரூட் போட்டும் வரலைன்னா, அந்த மோடம் தன்னோட சொந்த லேன் அட்ரஸுக்கு மட்டும்தான் வெளிய நேட் பண்ணுதுன்னு அர்த்தம், 20ல இருந்து வர்ற பாக்கெட் அப்படியே தனியார் அட்ரஸோட வெளிய போகும், எங்கயும் சேராது. அந்த மாதிரி மோடத்தை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்ட வேண்டாம், அதுக்கு வேற வழி கீழ சொல்றேன். இங்க மோடம் ரெண்டையும் ஏத்துக்கிச்சு, மேல நெட் வந்துச்சு.

இப்ப கீழ இருந்து பிங் பண்ணா வரல.

பிங் பத்தி ஒரு விஷயம் இங்க சொல்லணும். மைக் மூஸ் 1983 டிசம்பர்ல அமெரிக்க ராணுவத்தோட ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தப்ப, நெட்வொர்க்ல ஏதோ வினோதமா நடக்குதுன்னு கண்டுபிடிக்க எழுதின புரோகிராம் அது. அது பண்றது ஒரு கேள்வி அனுப்பி ஒரு பதிலுக்குக் காத்திருக்கறது. பதில் வந்தா ரெண்டு பாதையும் சரி. வரலைன்னா எந்தப் பாதை போச்சுன்னு அது சொல்லவே சொல்லாது. ஆனா விண்டோஸ்ல பிங் தோத்துப் போறதுலயே ரெண்டு விதம் இருக்கு, அதை யாரும் கவனிச்சுப் படிக்கறதில்ல. "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்"னு வந்தா, பாக்கெட் என் கையை விட்டுப் போயிருச்சு, பதில் வரலன்னு அர்த்தம். "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு வந்து, முன்னாடி "ரிப்ளை ஃப்ரம்"க்குப் பக்கத்துல நம்ம மெஷினோட சொந்த அட்ரஸே இருந்துச்சுன்னா, பாக்கெட் மெஷினை விட்டே வெளிய போகல. ஆர்ப், அதாவது "இந்த ஐபி யாரோடது"ன்னு பக்கத்துல எல்லார்கிட்டயும் கேட்டு, யாரும் பதில் சொல்லலன்னு அர்த்தம். இதுல ரெண்டாவது வந்தா மொத வேலையா சப்நெட் மாஸ்க்கைப் பாருங்க. யாரோ கையால ஐபி போடறப்ப 255.255.255.0க்குப் பதிலா 255.255.0.0ன்னு போட்டிருப்பாங்க. அந்த மெஷின் கணக்குல 192.168.ன்னு ஆரம்பிக்கற எல்லாமே பக்கத்துலயே இருக்கு, கேட்வேகிட்ட குடுக்கணும்ங்கற எண்ணமே அதுக்கு வராது, "192.168.20.10 யாருப்பா"ன்னு அந்த ஃப்ளோர்லயே கூவிட்டு இருக்கும். ரூட் டேபிள் எவ்வளவு சரியா இருந்தாலும் அந்த மெஷினுக்கு அது பயன்படாது.

இங்க வந்தது டைம்டு அவுட். ட்ரேசர்ட் (போற வழில இருக்க ரவுட்டரை வரிசையாக் காட்டற கமாண்ட்) போட்டா மொத வரில 192.168.1.1, ரெண்டாவது வரில 192.168.1.2, அதுக்கப்புறம் வெறும் நட்சத்திரம். மேல ரவுட்டர் வரைக்கும் போயிட்டு வருதுன்னு தெளிவாத் தெரியுது. மிச்சம் சர்வர்தான்.

விண்டோஸ் சர்வரோ சாதா விண்டோஸ் மெஷினோ, ஃபைல் ஷேரிங்குக்காக ஃபயர்வால்ல ஏற்கனவே இருக்க ரூல்களைத் திறந்து பார்த்தா ஸ்கோப்னு ஒரு டேப் இருக்கும். நெட்வொர்க்கை பிரைவேட்னு வெச்சிருந்தா அதுல ரிமோட் அட்ரஸ் "லோக்கல் சப்நெட்"னு இருக்கும், அதே நெட்வொர்க்ல இருக்கவங்களை மட்டும் விடுன்னு அர்த்தம். பிங் ரூலுக்கும் அப்படித்தான், ஃபோல்டர் ஷேரிங் ரூலுக்கும் அப்படித்தான். மேல் ஃப்ளோர்லயே இருந்து பிங் பண்ணா வரும், கீழ இருந்து பண்ணா வராது, எந்த எரரும் காட்டாது, ரூட் போட்டவர் உக்காந்து ரூட்டையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்பார். ஃபயர்வாலை முழுசா ஆஃப் பண்ணிட்டு "இப்ப வருது பாருங்க"ன்னு போயிட்டே இருக்க ஆளுங்க நிறைய. அது ரொம்பத் தப்பான பழக்கம், அந்த மெஷின்ல ஒரு கம்பெனியோட மொத்த டிசைனும் இருக்கு. ஸ்கோப்ல 192.168.1.0/24ஐச் சேர்த்தா போதும், ஒரு நிமிஷ வேலை.

சேர்த்ததும் பிங் வந்துச்சு. அண்ணன் முகத்துல சந்தோஷம். ஃபோல்டரைத் திறந்தா, பச்சைக் கோடு மெதுவா நகருது, நகருது, கடைசில திறக்க முடியலன்னு வந்து நிக்குது.

இந்த இடம்தான் என்னை இதை எழுத வெச்சது. பிங் வருது, வேற எதுவும் வரல. எத்தனையோ பேர் இந்த இடத்துல நெட்வொர்க்கை விட்டுட்டு விண்டோஸ் பாஸ்வேர்டு, எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர் ஷேர் பண்ற முறை) வெர்ஷன், ஆன்டிவைரஸ்னு வேற பக்கம் போயிருவாங்க, ஏன்னா "பிங் வருதே, அப்ப நெட்வொர்க் சரிதானே"ன்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு அந்த பிங் பதிலையே உத்துப் பாருங்க. டிடிஎல் = 127ன்னு இருக்கு (டிடிஎல்ங்கறது பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம்ங்கற எண்ணிக்கை). விண்டோஸ் ஒரு பாக்கெட்டை அனுப்பறப்ப டிடிஎல் 128ன்னு வெச்சு அனுப்பும், நடுவுல இருக்க ஒவ்வொரு ரவுட்டரும் ஒண்ணு குறைக்கும். அப்ப பதில் வர்ற வழில ஒரே ஒரு ரவுட்டர்தான். ஆனா ட்ரேசர்ட்ல போற வழில ரெண்டு ரவுட்டர் காட்டுது, மோடமும் மேல ரவுட்டரும். போகும்போது ரெண்டு, வரும்போது ஒண்ணு. எந்த சாஃப்ட்வேரும் போடாம, ரெண்டு கமாண்ட்லயே விஷயம் வெளிய வந்துருச்சு: போற பாதையும் வர்ற பாதையும் வேற வேற.

ஏன்னு படம் போட்டா உடனே புரியும். கீழ மெஷினுக்கு கேட்வே மோடம், அதனால 20க்குப் போற பாக்கெட்டை மோடத்துகிட்ட குடுக்குது. மோடம் அதைத் திருப்பி அதே ஸ்விட்ச் வழியா 192.168.1.2கிட்ட குடுக்குது. மேல ரவுட்டர் சர்வர்கிட்ட குடுக்குது. சர்வர் பதிலை மேல ரவுட்டர்கிட்ட குடுக்குது. மேல ரவுட்டர் பார்க்குது, 192.168.1.15ஆ, அது என் வேன் போர்ட் இருக்க நெட்வொர்க்லயே இருக்கே, நேராக் குடுத்துரலாம்னு மெஷின்கிட்டயே குடுத்துருது. மோடத்தைத் தொடவே இல்ல. அது பண்ணது சரிதான், குறுக்கு வழி இருக்கப்ப எதுக்குச் சுத்தணும்.

சந்தேகமே இல்லாம பார்க்கணும்னா கீழ மெஷின்ல வயர்ஷார்க் (பாக்கெட்டைப் புடிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) போட்டு, ஃபோல்டர் ஷேரிங் போற டிசிபி போர்ட் 445ஐ மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. மெஷின்ல இருந்து சின் (பேசலாமான்னு கேக்கற மொத பாக்கெட்) போகுது. அந்த ஃபிரேமோட டெஸ்டினேஷன் மேக் அட்ரஸ் (நெட்வொர்க் போர்ட்டோட சொந்த நம்பர்) மோடத்தோடது. சின்-ஆக் (சரி, பேசலாம்ங்கற பதில்) வருது. அதோட சோர்ஸ் மேக் அட்ரஸைப் பார்த்தா மேல ரவுட்டரோடது. ஐபி அட்ரஸை மட்டும் பார்த்துட்டு இருந்தா இது தெரியவே தெரியாது, ரெண்டுமே 192.168.20.10ன்னுதான் காட்டும், அதனால ஒவ்வொரு பாக்கெட்டையும் விரிச்சு ஈத்தர்நெட் வரியைப் படிக்கணும். அப்புறம் மெஷின் ஆக் (பதில் கிடைச்சுதுன்னு சொல்ற மூணாவது பாக்கெட்) அனுப்புது, கூடவே மொத டேட்டாவையும் அனுப்புது. பதில் இல்ல. அதே டேட்டா ரீட்ரான்ஸ்மிஷன்னு கறுப்புப் பட்டைல திரும்பப் போகுது. சர்வர் பக்கம் இருந்து சின்-ஆக்கே திரும்பத் திரும்ப வருது, அதாவது நம்ம ஆக் அதுக்குப் போய்ச் சேரவே இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல யாரோ அந்த ஆக்கை எடுத்துக் குப்பைல போடறாங்க.

போடறது மோடம். அதுல இருக்க ஃபயர்வால் ஒவ்வொரு கனெக்ஷனையும் ஞாபகம் வெச்சுக்கற ரகம், அபார்ட்மென்ட் வாசல்ல இருக்க வாட்ச்மேன் நோட்டுல உள்ள வந்தவர், வெளிய போனவர்னு எழுதி வைக்கற மாதிரி. சின் போனதை எழுதி வெச்சிருக்கு. சின்-ஆக் அது வழியா வரவே இல்ல, அதனால அந்த வரி பாதிலயே நிக்குது. லினக்ஸ்ல ஓடற மோடமா இருந்தா அதோட கனெக்ஷன் டேபிளைப் பார்த்தா அந்த வரில "அன்ரிப்ளைடு"ன்னே எழுதியிருக்கும். பதிலே வராத கனெக்ஷனுக்கு திடீர்னு மூணாவது பாக்கெட்டான ஆக் வந்தா லினக்ஸ் கணக்குல அது "இன்வாலிட்". இன்வாலிட் வந்தா டிராப் பண்ணுங்கறது நிறைய ரவுட்டர்ல ஏற்கனவே இருக்க ரூல், பாதுகாப்புக்கு நல்ல ரூலும்கூட. பிங் ஏன் தப்பிச்சுதுன்னா அதுல மூணு கட்டமெல்லாம் கிடையாது, ஒவ்வொரு கேள்வியும் மோடத்துக்குப் புதுசா ஆரம்பிக்கற ஒண்ணு மாதிரிதான், பதில் எந்த வழியாப் போனாலும் அது கவலைப்படாது.

இதுல இன்னும் குழப்பற விஷயம், கீழ இருக்க எல்லா மெஷினுக்கும் இப்படி ஆகாது. வந்த வாசல்லயே ஒரு பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தா, "தம்பி, அடுத்த தடவை நேரா 192.168.1.2கிட்டயே குடு"ன்னு ஒரு ஐசிஎம்பி (பிங்கும் எரர் செய்தியும் போற முறை) ரீடைரக்ட் செய்தியை ரவுட்டர் அனுப்பும். 1981ல ஐசிஎம்பிக்கு எழுதின ஆர்எஃப்சி 792லயே இது இருக்கு. அதை ஏத்துக்கற மெஷின் அடுத்த பாக்கெட்டுல இருந்து நேராப் போகும், வேலை செய்யும். பாதுகாப்புக்காக அதைக் கண்டுக்காத மெஷின் மாட்டிக்கும். அதனால "மேனேஜர் லேப்டாப்ல வருதுங், அக்கவுண்ட்ஸ்ல வரலிங், நேத்து சாயங்காலம் வந்துச்சுங், காலைல வரலிங்"னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது உண்மை. யூசருக்குச் சொல்லத் தெரியலன்னு ஒதுக்கிராதீங்க, அந்த ஒழுங்கில்லாத தன்மையே பெரிய தடயம். லினக்ஸ் மெஷின்ல இருந்து பிங் பண்ணா ரீடைரக்ட் ஹோஸ்ட், நியூ நெக்ஸ்ட்ஹாப் 192.168.1.2ன்னு கண்ணுக்கு முன்னாடியே காட்டும்.

இதைச் சரி பண்ண அஞ்சு வழி இருக்கு, எனக்குக் கடைசி ஒண்ணுதான் புடிச்சது. மோடத்துல அந்த ரூலுக்கு விதிவிலக்கு குடுக்கறது ஒண்ணு, லைன் கம்பெனி குடுத்த மோடத்துல பெரும்பாலும் அந்தப் பக்கத்தையே திறக்க விடமாட்டாங்க. கீழ இருக்க ஒவ்வொரு மெஷின்லயும் ரூட் ஆட் கமாண்ட் போட்டு நேரா 192.168.1.2ஐக் காட்டறது இன்னொண்ணு. அதுல கடைசில மைனஸ் பி போடலைன்னா ரீஸ்டார்ட் ஆனதும் ரூட் போயிரும், போட்டாலும் புது மெஷின் வர்றப்ப எல்லாம் ஒருத்தர் ஞாபகம் வெச்சுப் போடணும், ஃபோனுக்கும் பிரிண்டருக்கும் என்ன பண்றது. டிஎச்சிபில (மெஷினுக்குத் தானா அட்ரஸ் குடுக்கற முறை) ஆப்ஷன் 121 வழியா அந்த ரூட்டை எல்லாருக்கும் தானாவே குடுக்கலாம், 2002ல வந்த ஆர்எஃப்சி 3442 அது. அதுல ஒரு கண்ணி இருக்கு, 121 வந்துட்டா கிளையன்ட் வழக்கமான கேட்வே ஆப்ஷனைக் கண்டுக்கக் கூடாதுங்கறது விதி, அதனால டீஃபால்ட் ரூட்டையும் 121குள்ளயே சேர்த்து எழுதணும், இல்லைன்னா மேல ஃபோல்டர் திறக்கும், கீழ இன்டர்நெட் போயிரும். அந்தப் பாக்கெட்டுக்கு மட்டும் மோடத்துல திரும்ப நேட் பண்றது இன்னொரு வழி. பதில் கட்டாயமா மோடம் வழியா வரும், வேலை செய்யும், ஆனா சர்வர்ல யார் எந்த ஃபைலைத் திறந்தாங்கன்னு பார்த்தா எல்லாமே மோடத்தோட பேர்லதான் இருக்கும். கணக்கு வழக்கு இருக்க ஆஃபீஸ்ல அதை நான் பண்ணமாட்டேன்.

நோயோட வேர் என்னன்னா ரெண்டு ரவுட்டரும் சந்திக்கற இடத்துலயே மெஷின்களும் உக்காந்திருக்கு. ரவுட்டருக்கு ரவுட்டர் பேசற கேபிள்ல வேற யாரும் இருக்கக் கூடாது. நான் எப்பவும் அதைத்தான் சொல்லுவேன். கீழ பல போர்ட்டைத் தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கற மாதிரி ஒரு ரவுட்டர் வாங்குங்க, விலை ஒண்ணும் அதிகமில்ல. மோடம் அதோட வேன்ல. கீழ மெஷின் எல்லாம் 192.168.10.0/24க்கு மாறட்டும். மேல போற கேபிளுக்குன்னு தனி போர்ட், அதுல 10.255.0.0/30. அதுல ரெண்டே ரெண்டு அட்ரஸ்தான் உபயோகத்துக்கு இருக்கும், கீழ ரவுட்டர் 10.255.0.1, மேல ரவுட்டர் 10.255.0.2, மூணாவது ஆள் வந்து சொருகினாலும் இடம் இல்ல. கீழ ரவுட்டர்ல 192.168.20.0/24க்கு வழி 10.255.0.2. மேல ரவுட்டர்ல டீஃபால்ட் வழி 10.255.0.1. மேல ஃபயர்வாலுக்கும் சர்வர் ஸ்கோப்புக்கும் 192.168.1.0/24க்குப் பதிலா 192.168.10.0/24. நம்ம ரெண்டு ரவுட்டர்ல நேட் ஒரே இடத்துல, கீழ ரவுட்டர்ல இருந்து மோடத்துக்குப் போற வாசல்ல மட்டும். அந்த நேட் ரூலை எழுதறப்ப சோர்ஸ்ல 192.168.10.0னு மட்டும் குறிப்பிட்டு எழுதிராதீங்க, வெளிய போற போர்ட்டை வெச்சு எழுதுங்க, அப்பதான் மேல இருக்கவங்களுக்கும் நெட் வரும். இப்ப கீழ மெஷினுக்கு போறதுக்கும் ரெண்டு ரவுட்டர், வர்றதுக்கும் அதே ரெண்டு ரவுட்டர், பிங்ல டிடிஎல் 126 வரும், ட்ரேசர்ட்டோட கணக்கு ஒத்துப் போகும். மேல இருக்கவங்க தனி ரவுட்டர் வேணாம்னு சொல்லியிருந்தா ரெண்டு நெட்வொர்க்கையும் ஒரே ரவுட்டர்ல வெச்சு ஸ்டாட்டிக் ரூட்டே இல்லாம முடிச்சிருப்பேன், ஆனா அவங்க பாஸ்வேர்டு அவங்ககிட்ட இருக்கணும்ங்கறது நியாயமான ஆசை.

மாத்தின அன்னிக்கே மேல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. "ஏங்க, நேத்து வரைக்கும் கீழ பிரிண்டர்ல பிரிண்ட் வந்துச்சு, இப்ப வரலிங்க."

இதுவும் பதில் பாதைதான். பிரிண்டருக்கு ஐபி கையால போட்டிருப்பாங்க, மாஸ்க் போட்டிருப்பாங்க, கேட்வே கட்டம் காலியா இருக்கும், இல்ல எந்தக் காலத்துலயோ இருந்த ரவுட்டரோட அட்ரஸ் இருக்கும். புது ஐபி போடறப்பவும் கேட்வே கட்டத்தை யாரும் தொடறதில்ல. முன்னாடி மேல ரவுட்டர் நேட் பண்ணிட்டு இருந்ததால பிரிண்டருக்கு வந்த எல்லாமே பக்கத்து மெஷின்ல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு, கேட்வே தேவைப்படவே இல்ல. இப்பதான் மொத தடவையா 192.168.20ல இருந்து நிஜ அட்ரஸோட ஒருத்தர் கேக்கறார், அவருக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு பிரிண்டருக்குத் தெரியல. கேமரா டிவிஆர், பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் மெஷின், எடை மெஷின் இதெல்லாம் இந்த ரகம்தான். ஒரு நெட்வொர்க்கை ரெண்டா பிரிக்கப் போறீங்கன்னா கம்ப்யூட்டரை விட்டுட்டு மொதல்ல இதுகளோட கேட்வேயைப் போய்ப் பாருங்க. அதே மாதிரி, "ஆட் பிரிண்டர்" போட்டா லிஸ்ட்ல தானா வரலைங்கறதை வெச்சு ரூட் வேலை செய்யலன்னு முடிவு பண்ணிராதீங்க. தானாத் தேடற செய்தி எல்லாம் 224.0.0.251 மாதிரி அந்த ஃப்ளோரைத் தாண்டாத அட்ரஸுக்குப் போறது, ரவுட்டர் அதைக் கடத்தாது. ஐபி அட்ரஸைக் கையால குடுத்தா வந்துரும்.

ஒரே ஒரு மெஷின்ல மட்டும் வரலைன்னா ரவுட்டர் பக்கமே போகாதீங்க, அந்த மெஷின்ல ரூட் பிரிண்ட் போடுங்க. லினக்ஸா இருந்தா ஐபி ரூட் கெட் போட்டு அந்த அட்ரஸைக் குடுங்க, எந்த வழியா அனுப்பப் போறேன்னு அதுவே சொல்லிரும். மெர்ச்சண்டைசர் லேப்டாப் ஒண்ணுல பையர் ஆஃபீஸுக்குப் போற விபிஎன் (இன்டர்நெட் வழியா அவங்க நெட்வொர்க்குக்குள்ள போற தனிப் பாதை) ஓடிட்டு இருந்துச்சு, அதுவும் 192.168.20.0/24ஐத் தன் பக்கம்னு சொல்லிட்டு இருந்துச்சு. அதிகக் குறிப்பா இருக்க வழி ஜெயிக்கும்ங்கறதுதான் ரூட்டிங்கோட அடிப்படை விதி, /24 இருக்கப்ப டீஃபால்ட் ரூட்டை யாரும் பார்க்கமாட்டாங்க, அதனால மேல் மாடிக்குப் போக வேண்டிய பாக்கெட் எல்லாம் விபிஎன் உள்ள போயிருச்சு. விபிஎன் அந்தப் பக்கம் நம்ம கைல இல்ல, மாத்த முடிஞ்சது நம்ம நம்பர்தான். இதனாலதான் புதுசா நெட்வொர்க் போடறவங்ககிட்ட 192.168.0, 192.168.1, 192.168.20 மாதிரி எல்லாரும் வைக்கற நம்பரை வைக்காதீங்கன்னு சொல்லுவேன், 10ல எவ்வளவோ இடம் காலியாக் கிடக்கு.

அப்புறம் சோம்பேறித்தனத்துல போடற பெரிய ரூட். கீழ ரவுட்டர்ல 192.168.20.0/24ன்னு போடறதுக்குப் பதிலா, நாளைக்கு மேல இன்னொரு நெட்வொர்க் வந்தாலும் வரட்டும்னு 192.168.0.0/16 எல்லாமே 10.255.0.2ன்னு போட்டு வைப்பாங்க. வேலை செய்யும். ஆனா இல்லாத 192.168.30.5க்கு யாராவது ஒரு பாக்கெட் அனுப்பினா கீழ ரவுட்டர் மேல தள்ளும், மேல ரவுட்டர் எனக்குத் தெரியாதுன்னு டீஃபால்ட் வழியாக் கீழயே தள்ளும், டிடிஎல் தீர்ந்து போற வரைக்கும் ரெண்டும் மாத்தி மாத்தி எறிஞ்சுட்டே இருக்கும். ட்ரேசர்ட்ல ரெண்டே அட்ரஸ் மாறி மாறி முப்பது வரி வந்தா இதுதான். பழைய ஐபியைத் தேடிட்டு இருக்க டிவிஆர் சாஃப்ட்வேர் ஒண்ணு போதும், ராத்திரி பகலா அந்த கேபிள் வெட்டியா ஓடும். பெரிய ரூட் வேணும்னா போடுங்க, ஆனா மேல ரவுட்டர்ல 192.168.10.0/24க்கு வழி 10.255.0.1ன்னு தனியா எழுதிட்டு, அதே /16க்கு ஒரு பிளாக்ஹோல் ரூட்டையும் (வந்த பாக்கெட்டை அங்கயே தொலைச்சுடற வழி) போட்டுருங்க, தெரியாத அட்ரஸ் அங்கயே நிக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் ரெண்டு ரவுட்டரையும் கரண்டைப் புடுங்கித் திரும்பப் போட்டுப் பார்ப்பேன், கான்ஃபிக் சேவ் ஆகியிருக்கான்னு தெரிய அதைவிட நல்ல சோதனை இல்ல. கூடவே கீழ இருந்து மேலயும் மேல இருந்து கீழயும் தனித்தனியா ஒரு ஃபைல் காப்பி, ஒரு பிரிண்ட், ஒரு வெப்பேஜ். வெறும் பிங்கோட நிறுத்தமாட்டேன், காரணம் மேலயே சொல்லிட்டேன். அப்புறம் எந்த நெட்வொர்க், எந்த அட்ரஸ், எந்த ரூட் எந்த ரவுட்டர்லன்னு ஒரு பேப்பர்ல எழுதி ரேக் கதவு உள்பக்கம் ஒட்டிட்டு வந்தேன், ஒரு காப்பி மேல, ஒரு காப்பி கீழ.

அதுக்கப்புறம் ஐப்பசி மழைல இடி விழுந்து மோடம் போயிருச்சு, லைன் கம்பெனி ஆள் வந்து வேற மோடம் வெச்சுட்டுப் போனார். பழைய செட்டப்பா இருந்தா ஸ்டாட்டிக் ரூட் அந்த மோடத்தோடயே போயிருக்கும். இப்ப மோடத்துக்கு மேல் மாடின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, கீழ ரவுட்டரோட வேன்ல புது அட்ரஸ் தானா விழுந்துச்சு. மோடம் இல்லாம இருந்த நேரத்துலயும் அக்கவுண்ட்ஸ் மேல ஃபோல்டரைத் திறந்து வேலை பார்த்துட்டுத்தான் இருந்திருக்காங்க.